குழந்தையின் கைகளை மதித்த மரியா மாண்டிசோரி அம்மையார்

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது நம் ஆலய முற்றத்தில் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். மூன்று வயதுக் குழந்தையொன்று படியில் அமர்ந்து தன் செருப்பின் வாரை மாட்ட முயல்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, சுற்றிலும் உள்ள கூட்டத்தை மறந்து, அந்த ஒரே வேலையில் மூழ்கியிருக்கிறது. தாய்க்கோ அவசரம். ஒரு நொடியில் குனிந்து வாரை மாட்டிவிட்டுக் கையைப் பிடித்து இழுக்கிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. பிடிவாதம் பிடித்த பிள்ளை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

அது பிடிவாதம் அன்று. கையிலிருந்த வேலையைப் பறிகொடுத்த துயரம் என்று உலகுக்கு எடுத்துரைத்த பெண்மணி ஒருவர் உண்டு. அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மருத்துவராகி, பின் உலகத்துச் சிறு பிள்ளைகளுக்கெல்லாம் ஆசிரியையாகி, தம் முதிய வயதில் ஏறத்தாழப் பத்தாண்டுகளை நம் நாட்டுடன் பிணைத்துக்கொண்டவர். நம் ஆலயத்தின் விழா மலரில் அன்னாரின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பது பிள்ளைகளைப் பெற்ற நமக்கெல்லாம் பயன் தரும் என நம்புகிறோம்.

மருத்துவரான மங்கை

இத்தாலி நாட்டில், அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்த்ரோ அரசாங்க அலுவலர். தாய் ரெனில்தே நூல்களை விரும்பிப் படித்தவர். மகளின் துணிவுக்கெல்லாம் துணை நின்றவர். மரியாவின் சிறு வயதிலேயே குடும்பம் உரோமை நகரில் குடியேறியது.

பெண்கள் ஆசிரியையாகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றிருந்த காலம் அது. மரியாவோ கணிதமும் பொறியியலும் கற்க விரும்பித் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயில வேண்டும் என்றார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு பயில்வது தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்றபின் பிணக்கூடத்தில் தனியாக நின்று அவர் கற்கவேண்டியிருந்தது. அத்தனை இடர்களையும் தாண்டி 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாளில் இத்தாலியில் அப்பட்டம் பெற்றிருந்த பெண்கள் மிகச் சிலரே.

ரொட்டித் துணுக்குகள் கற்பித்த பாடம்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அக்காலத்தில் மனநோய் விடுதிகளிலேயே அடைக்கப்பட்டிருந்தனர். அவருடைய வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். ஒரு விடுதியில் உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். அங்கிருந்த பணிப்பெண் அதைப் பேராசை என்று கண்டு அருவருத்தாள். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்துப் பார்க்க, உருட்ட, தொட்டு உணர அங்கே ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசி அன்று, கைகளின் பசி என்று அவர் உணர்ந்தார்.

இதார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை ஆழ்ந்து கற்றார். செகேன் செய்து வைத்த வழியைத் தழுவிப் பலவகைப் பொருள்களைச் செய்வித்து, 1900-இல் தொடங்கிய ஒரு சிறப்புப் பள்ளியில் அக்குழந்தைகளுக்குக் கற்பித்தார். ஒன்றுக்கும் உதவார் எனக் கைவிடப்பட்டவர்கள் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. நலம் நிறைந்த பிள்ளைகள் இவர்களுக்குச் சமமாகவே நிற்கிறார்கள் என்றால், அவர்களை நம் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

நெஞ்சில் மறைத்த துயரம்

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லவேண்டும். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரை அவர் நேசித்தார். 1898-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் மரியோ என்னும் ஆண் குழந்தை பிறந்தது. திருமணம் நிகழவில்லை. அந்த மருத்துவர் பின்னர் வேறொரு பெண்ணை மணந்தார். செய்தி வெளிப்பட்டால் அன்றைய சமுதாயம் அப்பெண்ணைப் பணியிலிருந்தும் மதிப்பிலிருந்தும் ஒருங்கே தள்ளியிருக்கும். குழந்தை நகருக்கு வெளியே கிராமத்துக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தது. அம்மையார் அவ்வப்போது சென்று பார்த்துவருவார். தாம் யார் என்று சொல்லமாட்டார்.

உலகத்துக் குழந்தைகளின் அன்னை எனப் போற்றப்பட்டவர் தம் சொந்தக் குழந்தையின் கையைப் பிடித்து நடத்த முடியாதவராக இருந்தார். இதைக் கூறுவது அவரைக் குறைத்துப் பேச அன்று. புனிதமான பணிகள் காயம்பட்ட நெஞ்சங்களிலிருந்தும் பிறக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது என்பதற்காகவே கூறுகிறோம்.

மூன்று அரசர்கள் திருநாளில் திறந்த வீடு

உரோமையில் சான் லொரென்ஸோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழுதடைந்த அடுக்கு வீடுகளைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட, பள்ளி வயது எய்தாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவரைக் காக்க வேண்டுமே என்பதற்காகத்தான் அந்நிறுவனம் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது! அப்பொறுப்பை அம்மையார் ஏற்றார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளுடன் அந்த அறை திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்று அதற்குப் பெயரிட்டனர். அப்போது மரியோவுக்கு வயது எட்டு. அவன் அங்கு இல்லை.

அழுக்கும் அச்சமும் படிந்த முகங்களுடன் வந்த அப்பிள்ளைகளுக்கு அம்மையார் முதலில் அரிச்சுவடி கொடுக்கவில்லை. தம்மிடமிருந்த பொருள்களைக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று நீண்ட மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருந்தும்படி குமிழ் வைத்த பத்து மர உருளைகள். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உருளைகளை எடுப்பதும் கலப்பதும் மீண்டும் பொருத்துவதுமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச்செய்தார்கள், அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பதுக்கு மேற்பட்ட முறை செய்தபின், யாரும் சொல்லாமலே நிறுத்தி, நல்ல உறக்கத்திலிருந்து எழுந்தவளைப்போல் மலர்ந்த முகத்துடன் பார்த்தாள். சிறு பிள்ளைகளுக்கு ஒன்றில் மனம் நிற்காது என்ற பழைய எண்ணம் அன்றே பொய்த்தது.

மற்றொரு நாள் மூக்கைச் சிந்துவது எப்படி என்று அம்மையார் மெதுவாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கைச் சிந்து, சிந்து என்று எல்லாரும் ஏசுகிறார்களேயன்றி, எப்படி என்று அதுவரை ஒருவரும் அன்போடு காட்டியதில்லை!

முதலில் எழுதிய சொல்

தங்கள் பிள்ளைகளுக்கும் எழுத்துக் கற்பிக்க வேண்டுமென்று அத்தாய்மார் கேட்டுக்கொண்டனர். அம்மையார் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி வழுவழுப்பான அட்டையில் ஒட்டினார். குழந்தை இரு விரல்களால் அந்தச் சொரசொரப்பின்மேல் எழுத்தை வரைந்தபடி அதன் ஒலியைக் கேட்கும். விரல் வழி தவறினால் வழுவழுப்பு உடனே உணர்த்திவிடும். ஆசிரியை அதட்ட வேண்டியதில்லை. மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இங்கே நம் நினைவுக்கு வருகிறார்கள். விரல் அறிந்ததை மனம் மறப்பதில்லை.

அந்த ஆண்டின் குளிர்காலத்தில் வெயில் எறித்த ஒரு நாள், மொட்டைமாடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரேயிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்து முடித்தவன், தனக்கு எழுத வருகிறது என்று திடீரெனக் கூவித் தரையில் மண்டியிட்டு ஒரு சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி என்றும் கூரை என்றும் எழுதினான். அதுவரை எழுதியறியாத அச்சிறுவன் முதலில் எழுதிய சொல் எது தெரியுமா? இத்தாலிய மொழியில் மானோ என்பது. அதன் பொருள் கை.

பொருள்கள் பேசும் வகுப்பறை

அம்மையாரின் வகுப்பறை எப்படியிருக்கும் என்று நம் பங்குப் பெற்றோர் பலர் கேட்கின்றனர். மேசையும் நாற்காலியும் குழந்தை தானே தூக்கி வைக்கும் அளவில் இருக்கும். பொருள்கள் பூட்டிய பீரோவில் இரா. கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகளில் இருக்கும். குழந்தை தானே எடுக்கும், பாயில் வைத்துச் செய்யும், முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைக்கும். பொத்தான் மாட்டவும் நாடா முடியவும் துணிச் சட்டங்கள் உண்டு. ஒரு குவளையிலிருந்து மற்றொன்றில் சிந்தாமல் நீர் ஊற்றும் வேலை உண்டு. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை வளரும் பத்து இளஞ்சிவப்புக் கட்டைகளால் கோபுரம் கட்டும் வேலை உண்டு. எண் கற்கும் பருவத்தில் ஒரு மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணி சேர்ந்த சதுரம், ஆயிரம் மணி சேர்ந்த கனசதுரம் எனக் கையில் கொடுப்பார்கள். ஆயிரம் எவ்வளவு கனம் என்பதைக் குழந்தை தூக்கிப் பார்த்தே அறியும்.

ஆசிரியை குறைவாகப் பேசுவார்; மெதுவாகச் செய்து காட்டுவார்; பின் விலகி நிற்பார். விலகி நிற்பதுதான் மிகக் கடினமான பாடம் என்பது அம்மையாரின் கருத்து.

துயருற்ற பிள்ளைகளும் கோதுமை வயலும்

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் மெஸ்ஸினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரையும் உற்றாரையும் இழந்த ஏறத்தாழ அறுபது குழந்தைகள் உரோமையில் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியரின் மடத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பேசவில்லை, உண்ணவில்லை, இரவெல்லாம் அலறினர். அக்கன்னியர் அம்மையாரின் முறையைக் கைக்கொண்டு, அப்பிள்ளைகளின் கைகளுக்கு வேலை தந்தனர். மேசை விரிப்பதும், தட்டு வைப்பதும், தோட்டத்தில் உழைப்பதுமாக அந்த முகங்கள் மெல்ல மெல்ல மலர்ந்தன. அச்சபை 1877-இல் தோன்றியபோது அதன் வேர் நம் உதகமண்டலத்தில் இருந்தது என்பதை நம் மக்கள் பெருமையுடன் நினைக்கலாம்.

1909-இல் அம்மையார் தம் முறையை நூலாக வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1912-இல் தாய் ரெனில்தே காலமானார். அதன்பின் பதினைந்து வயது மரியோ அம்மையாரிடம் வந்து சேர்ந்தான். ஆயினும் உறவினர் மகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டான். 1915-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை அமைக்கப்பட்டது. வெளியே கூட்டம் வேடிக்கை பார்க்க, உள்ளே பிள்ளைகள் தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர்.

ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் நடந்த முயற்சி நம் உள்ளத்தை மிகவும் தொடுவது. அங்கே குழந்தைகளுக்கென்றே ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள். தாழ்ந்த இருக்கைகள், கைக்கு எட்டும் தீர்த்தத் தொட்டி, சிறு மலர்ச்சாடிகள். திருப்பலியை மனப்பாடமாக மட்டும் கற்பிக்காமல், பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் சென்றார்கள். அவர்கள் தம் கையால் கோதுமை விதைத்தனர், திராட்சைக் கொடி வளர்த்தனர், அறுவடை செய்தனர். பீடத்தில் வைக்கப்படும் அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதை அந்தக் கைகள் அறிந்தன. இம்முயற்சியைக் குறித்து 1922-இல் அவர் ஒரு தனி நூலும் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1918-இல், பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் அம்மையாரின் பணிக்குத் தம் ஆசீர் அளித்திருந்தார்.

நம் மண்ணில்

இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றார். ஆனால் பிள்ளைகளைப் படைவீரராக்க விரும்பிய ஆட்சிக்கும், தாமே சிந்திக்கும் மனிதராக்க விரும்பிய அம்மையாருக்கும் நெடுநாள் ஒத்துவருமா? 1934-இல் முறிவு ஏற்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கிருந்தும் வெளியேறி ஹாலந்து நாட்டில் தங்கினார்.

1939-இன் இறுதியில், 69-ஆம் வயதில், அடையாறு பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று மரியோவுடன் சென்னைக்கு வந்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சிக்குத் திரண்டனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில ஆட்சிக்கு இத்தாலியர் அனைவரும் பகைவராயினர். மரியோ கைதாகி அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். முதுமையில், அயல்நாட்டில், மீண்டும் ஒருமுறை அவர் தம் பிள்ளையைப் பிரிந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக வெளியில் சொல்ல முடியாதிருந்த மகன் என்ற சொல், ஓர் அரசாங்கத் தந்தியில் வந்து சேர்ந்தது! அத்தாயின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்க்கலாம்.

1942 முதல் 1944 வரை அம்மையாரும் மரியோவும் நம் கொடைக்கானல் மலையில் தங்கினர். பல வயதுப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் கற்றனர். செடி, கொடி, பூச்சி, நீர்வாழ் உயிர்கள் எல்லாம் பாடப் பொருள்களாயின. உலகத்தில் ஒவ்வோர் உயிரும் மற்றொன்றுக்குப் பணி செய்தே வாழ்கிறது என்னும் பெரிய உண்மையைப் பிள்ளைகளுக்குக் காட்டும் கல்வி அங்கேதான் உருப்பெற்றது. மாண்டிசோரிப் பள்ளிகளில் ஆறு வயதுக்கு மேற்பட்டோர் இன்றும் கற்கும் அண்டக் கல்வி கோடை மலையின் சோலைகளில் வளர்ந்த கன்று. 1946-இல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் வந்து, 1949 வரை நம் நாட்டிலும் இலங்கையிலும் ஆசிரியர்களைப் பயிற்றினார்.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், மாதாவின் வணக்க மாதத்தில், ஹாலந்தின் நோர்த்வைக் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உலகில் அமைதியைக் கட்டியெழுப்பத் தம்மோடு சேருமாறு அன்புக் குழந்தைகளை வேண்டும் வரிகள் அக்கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. மரியோ தம் இறுதிவரை, 1982 வரை, தாயின் பணியைத் தொடர்ந்தார்.

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்த பங்கு மக்களே! நம் பாலர் பள்ளிகளிலும் இன்று மழை, இலை, சந்தை, காய்கனி என்று ஒவ்வொரு பொருளாக எடுத்துச் செய்முறையில் கற்பிக்கிறார்கள். மிக நல்லது. ஆனால் நடப்பது என்ன? மறுநாள் கொண்டுபோக வேண்டிய இலைப்படத்தை இரவு பத்து மணிக்குத் தாய் வெட்டுகிறார், தந்தை ஒட்டுகிறார், பிள்ளை உறங்குகிறது. படம் அழகாக இருக்கிறது; பாராட்டும் கிடைக்கிறது. பிள்ளையின் கையோ ஒன்றும் அறியவில்லை. கோணலாக ஒட்டிய ஓர் இலை, அது குழந்தை ஒட்டியதானால், நாம் ஒட்டிய நூறு இலைகளை விட மேலானது.

அம்மையாரின் விலையுயர்ந்த பொருள்கள் நம் எல்லார் வீட்டிலும் இரா. பட்டாணி உரிக்கலாம், பயற்றையும் உளுந்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம், பூத்தொடுக்கும்போது பூக்களை எண்ணி அடுக்கச் சொல்லலாம், செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம். சிந்தும். துடைக்கத் துணி கொடுப்போம். அதுவும் ஒரு பாடமே. எண்ணெய், அடுப்பு, கத்தி இவற்றினின்று காத்துக்கொண்டு, மற்றவற்றுக்கெல்லாம் சற்றுப் பொறுமை காட்டுவோம். மூன்று வயதில் பக்கம் பக்கமாக எழுதவில்லையே என்று பிறர் பிள்ளையோடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம். விரல்கள் முதலில் உலகைத் தொடட்டும். எழுத்து தானே வரும்.

சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி ஆண்டவர் தம் சீடருக்குப் பணித்தார். தடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். அவசரத்தில் இருந்த நல்லவர்கள். நாமும் அத்தகையவரே. ஆகவே அடுத்த ஞாயிறு, ஆலயப் படியில் அமர்ந்து ஒரு குழந்தை செருப்பு வாரோடு போராடுவதைக் கண்டால், இரண்டு நிமிடம் நின்று காத்திருப்போமாக.